நடை சாத்துவதற்குள் ஒரு நடை: கும்பகோணத்தில் தனியாக ஒரு நாள்

நான் தஞ்சாவூர்க்காரி. கும்பகோணம் இங்கிருந்து 40 கிலோமீட்டர். இந்த 46 வயதுக்குள் எத்தனை தடவை போய் வந்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. கல்யாணம், வளைகாப்பு, பித்தளைப் பாத்திரம், வேன் வைத்து நவக்கிரகக் கோயில்கள் போகும்போது நடுவில் ஒரு காபி. எல்லாமே மண்டபத்து வாசலில் இறங்கி மண்டபத்து வாசலிலேயே ஏறியதுதான். நாகேசுவரன் கோயிலிலிருந்து சாரங்கபாணி கோயிலுக்கு எப்படிப் போவது என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இத்தனைக்கும் நடந்தால் பத்து நிமிஷம்.

போன தை மாதக் கடைசியில், ஒரு புதன்கிழமை அலுவலகத்தில் லீவு சொன்னேன். "ஞாயித்துக்கிழமை எல்லாருமா கார்ல போலாமே" என்றார் வீட்டுக்காரர். கார் வேண்டாம், நடந்து பார்க்க வேண்டும் என்றேன். அம்மாதான் விடவில்லை. "தனியா போய் என்னடி பண்ணப் போற?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கோயிலுக்குத்தான் என்றதும் அரை மனதாக அடங்கினாள்.

பேருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று கிடைக்கும். ஆனாலும் காலையில் ரயிலில் போனதுதான் சரி என்று இப்போதும் சொல்வேன். பசுபதிகோயில், அய்யம்பேட்டை, பாபநாசம், சுவாமிமலை, தாராசுரம் என்று பாசஞ்சர் வண்டி ஒவ்வொன்றாக நின்று போகும். சம்பா அறுவடை பாதி முடிந்த நேரம். ஒரு வயலில் கதிர் நின்றது, அடுத்த வயலில் வைக்கோல் கட்டு உருண்டு கிடந்தது. கூட்டம் இல்லாத பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பேச ஆள் இல்லாமல், முழுசாக ஒரு மணி நேரம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். அதற்கே மனசு ஊருக்குப் பழகிவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டேஷனில் கழிப்பறை இருக்கிறது. நாள் முழுக்க நடக்கப் போகும் பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இறங்கியதும் முதலில் அங்கே போய்விட்டுக் கிளம்புங்கள். அடுத்தது மத்தியானம் சாப்பிடப் போகும் ஓட்டலில்தான். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கவே கூடாது. நான் ஒரு லிட்டர் பாட்டிலை இரண்டு தடவை நிரப்பினேன்.

வெளியே வந்ததுமே "நவக்கிரகம் போறீங்களா அக்கா? ஒம்பது கோயிலும் ஒரே நாள்ல முடிச்சிரலாம்" என்று கார்க்காரர்கள் கேட்பார்கள். தொழில், கேட்கத்தான் செய்வார்கள். "ஊருக்குள்ளயே வேலை இருக்குண்ணே" என்றேன், வழி விட்டுவிட்டார்கள். தனியாக வருகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பதில் இதுதான். போகும் இடம் தெரிந்த ஆள் மாதிரி நடந்தால் யாரும் பின்னால் வருவதில்லை.

கும்பகோணத்தின் அமைப்பு நடப்பவர்களுக்கு ரொம்பச் சௌகரியம். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. பழைய ஊர் இரண்டுக்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. ஸ்டேஷன் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. அங்கிருந்து வடமேற்காக நடந்தால் முதலில் மகாமகக் குளம், அப்புறம் நாகேசுவரன், அப்புறம் சாரங்கபாணி, அதற்கும் மேற்கே கும்பேசுவரன், கொஞ்சம் தெற்கே இறங்கினால் ராமசாமி கோயில். கோபுரம் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் செல்போனில் வழி பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

மகாமகக் குளத்தை நான் 2016 மகாமகத்தின்போது பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்று சொல்வதே தப்பு. தலைகளைப் பார்த்தேன், தண்ணீர் கொஞ்சம் மேலே தெறித்தது, போலீஸ்காரர் "நகருங்க நகருங்க" என்றார், நகர்ந்துவிட்டேன். இப்போது காலை எட்டு மணிக்கு அதே குளம் காலியாகக் கிடந்தது. ஆறு ஏக்கருக்கு மேல் இருக்கும் குளம். கரையைச் சுற்றி ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு ஒரு சுற்று வந்தேன். கரையில் 16 மண்டபங்கள். தஞ்சை நாயக்கர்களின் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர் கட்டியவை. ஒவ்வொன்றும் ஒரு குட்டி விமானத்தோடு நிற்கிறது. வடமேற்கு மூலையில் இருக்கும் மண்டபத்தின் மேல்தளக் கல்லில் துலாபாரக் காட்சி செதுக்கியிருக்கிறது. வெயில் தண்ணீரில் பட்டு அந்த விதானத்தில் ஆடிக்கொண்டிருந்ததால்தான் என் கண்ணில் பட்டது. பத்து மணிக்கு மேல் போயிருந்தால் இருட்டுக் கல்லாகத்தான் தெரிந்திருக்கும். வடகரையில் காசி விசுவநாதர் கோயிலில் கங்கை, யமுனை, காவிரி என்று ஒன்பது நதிகளும் பெண்களாக வரிசையில் நிற்கிறார்கள். அடுத்த மகாமகம் 2028-இல். கூட்டத்தில் குளிக்க வருகிறவர்கள் அதற்கு முன்னால் ஒரு தடவை சாதாரண நாளில் வந்து இந்தக் குளத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

இட்லி, காபி. பித்தளை டவரா டம்ளரில் நுரை அடங்குவதற்குள் குடிக்க வேண்டிய காபி. இதைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று.

ஒன்பதே காலுக்கு நாகேசுவரன் கோயில். தேவாரத்தில் இதற்குக் குடந்தைக் கீழ்க்கோட்டம் என்று பேர். முதலாம் ஆதித்தன் காலத்துச் சோழர் கோயில், 9-ஆம் நூற்றாண்டின் கடைசி. சித்திரை 11, 12, 13 தேதிகளில் சூரிய வெளிச்சம் நேராக வந்து லிங்கத்தின் மேல் விழும். அந்த நாட்களில் கூட்டம் அம்மும். மற்ற நாட்களில் அப்படி இல்லை. வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த பாட்டியிடம் ஒரு முழம் வாங்கிக்கொண்டு செருப்பை அவர் கூடைக்குப் பக்கத்தில் விட்டேன்.

"கூட யாரும் வரலியாம்மா?"

"நான் மட்டுந்தான் பாட்டி. நடந்து பாக்கலாம்னு வந்தேன்."

பாட்டி என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பரிதாபப்படப் போகிறார் என்று நினைத்தேன். "அப்ப அவசரப்படாத. சாமி கும்புட்டுட்டு வெளிப்பக்கமா சுத்திப் போ. செவுத்துல ஒரு பொம்பள நிப்பா. அசல் எங்க சின்னம்மா மாதிரியே இருப்பா" என்றார்.

போய்ப் பார்த்தேன். கருவறையின் வெளிச்சுவரில், மாடத்துக்குள், ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு ஆணும் பெண்ணுமாகச் சிலர் நிற்கிறார்கள். தெய்வங்கள் இல்லை, ஆயுதம் கிடையாது, நாலு கை கிடையாது. யார் என்று அறிஞர்களே வெவ்வேறு விதமாகச் சொல்கிறார்கள். அரச குடும்பத்தார் என்பது ஒரு கருத்து. எனக்கு அந்தப் பெண்ணின் நிற்கும் விதம் போதுமாக இருந்தது. உடம்பின் எடையை ஒரு காலில் போட்டு, மற்றதை லேசாகத் தளர்த்தி, தலையை ஒரு விரல் அளவு சாய்த்து நிற்கிறாள். வேலையெல்லாம் முடித்துவிட்டு வாசற்படியில் வந்து நிற்கும்போது என் சின்னம்மாவும் அப்படித்தான் நிற்பாள். மெல்லிய துணியின் மடிப்பு இடுப்பில் எங்கே முடிந்து தோல் எங்கே தொடங்குகிறது என்று விரலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும் போலிருந்தது. வைக்கவில்லை. தொடாதீர்கள், எண்ணெய்க் கை ஆயிரம் வருஷக் கல்லையும் தேய்க்கும்.

அதே சுவரின் அடித்தளத்தில், தரையோடு தரையாக, உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னக் கட்டங்களில் ராமாயணக் காட்சிகள் இருக்கின்றன. நின்றபடி வலம் வருகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. நான் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வில் பிடித்த உருவங்கள் சுண்டு விரல் நீளம்கூட இருக்காது. முகம் மழுங்கிப் போயிருக்கிறது, ஆனால் வில்லை வளைக்கும் தோளில் அந்த இழுப்பு அப்படியே இருக்கிறது. குடும்பத்தோடு வந்திருந்தால் நான் அங்கே உட்கார்ந்திருக்க முடியாது. "போலாமா, போலாமா" என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார்கள், அவர்கள் கேட்பதும் நியாயம். தனியாக வருவதால் கிடைப்பது இது ஒன்றுதான், ஆனால் அது பெரிசு.

செல்போனைப் பிடித்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் புடைப்பு தெளிவாகத் தெரியும். நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். படம் எடுப்பதற்கு முன்னால் அங்கே இருக்கும் குருக்களையோ அலுவலகத்தையோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கருவறைப் பக்கம் செல்போனை எடுக்கவே வேண்டாம்.

வெளியே வந்து "பாத்தேன் பாட்டி, அப்படியேதான் நிக்கிறாங்க" என்றதும் அவர் முகம் மலர்ந்ததே, அதற்காகவே இன்னொரு முழம் பூ வாங்கினேன்.

நாள் கணக்கு தப்பியது இங்கேதான். ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. சாரங்கபாணி கோயிலுக்குள் நுழையும்போது மணி பதினொன்று. பதினோரு நிலைக் கோபுரம், தெருக்கோடியிலிருந்தே அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். கருவறையே தேர் மாதிரி. கல் சக்கரம், இழுத்துக்கொண்டு ஓடும் கல் குதிரைகள், யானைகள். உள்ளே போக இரண்டு வாசல். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல் திறந்திருக்கும், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். தை பிறந்துவிட்டதால் நான் உத்தராயண வாசல் வழியாகப் போனேன். பெருமாள் முழுக்கப் படுத்திருக்கவில்லை, எழுந்திருக்கப் பாதி முயன்ற கோலம். திருமழிசையாழ்வார் எழுந்து பேசச் சொன்னதும் எழப் பார்த்தாராம், அவர் அப்படியே இருக்கச் சொல்லிவிட்டாராம். நாதமுனிகள் நாலாயிரம் பாசுரங்களைத் தேடிப் புறப்பட்டதும் இந்தப் பெருமாள் மேல் பாடிய ஒரு பதிகத்தைக் கேட்டுத்தான். தீர்த்தம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

வெளிப் பிராகாரத்தில் கால் வைத்ததும் சுட்டது. தை மாதம்தானே என்று இருந்துவிட்டேன். மத்தியானக் கருங்கல்லுக்கு மாதம் கிடையாது. வாசல் வரை ஓட்டமும் நடையுமாக வந்து பார்த்தால் இடது குதிகாலில் கொப்புளம். அதற்குப் பாதிக் காரணம் நான் போட்டுக்கொண்டு வந்த புதுச் செருப்பு. இந்த ஊரில் நடக்கப் பழைய செருப்புதான் ஏற்றது. பின்வார் இருக்க வேண்டும், ஆனால் குனியாமல் கழற்ற முடிய வேண்டும். ஒரு நாளில் ஐந்தாறு தடவை கழற்றி மாட்டுவோம், கயிறு கட்டும் ஷூ தொல்லை. பையில் ஒரு ஜோடி பருத்திக் காலுறை வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் பலர் வெயில் நேரத்தில் காலுறையோடுதான் பிராகாரம் சுற்றுகிறார்கள். இரண்டு பிளாஸ்திரி, பத்து ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் சில்லறை. இவ்வளவுதான் சாமான்.

ராமசாமி கோயிலுக்குப் போனால் நடை சாத்தியாயிற்று. கோயில் நேரம் எனக்குத் தெரியாதது இல்லை, தஞ்சாவூரிலும் அதே கதைதான். பொதுவாகப் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குள் சாத்தினால் மாலை நாலு, நாலரைக்குத்தான் திறப்பார்கள். ஆனால் கையில் கார் இருந்தால் அந்த நாலு மணி நேரம் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ கரைந்துவிடும். நடந்து வந்தவளுக்கு அது தெருவில் நிற்கும் நாலு மணி நேரம். கும்பகோணத்தில் ஒரு நாளைத் திட்டம் போடுவது என்றால் முதலில் இந்த நாலு மணி நேரத்துக்குத் திட்டம் போட வேண்டும். மற்றது தானாக அமையும்.

எனக்கு எப்படியோ அமைந்தது. முதலில் இலைச் சாப்பாடு. தனியாகப் போனால் நாலு பேர் மேஜையில் இன்னொருவர் எதிரே உட்காருவார். எனக்கு எதிரே சேலைப் பையோடு ஒரு அம்மாவும் மருமகளும். "நீங்க எந்த ஊரு?" என்று தொடங்கி, அவர்கள் வீட்டு நிச்சயதார்த்தம் வரை பேசி முடிப்பதற்குள் மோர் வந்துவிட்டது. அங்கேயே கை கால் கழுவி, குதிகாலுக்குப் பிளாஸ்திரி போட்டு, பாட்டிலை நிரப்பிக்கொண்டேன்.

அப்புறம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வீடு. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. 1887-இல் ஈரோட்டில் பிறந்தாலும் அவர் வளர்ந்தது இங்கேதான். சின்ன ஓட்டு வீடு. திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு கட்டில், சமையலறை, கொல்லையில் கிணறு. பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். நான் அரை மணி நேரம் இருந்தேன். 1904-இல் இந்த ஊர் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. அந்த வருஷங்களில் இந்த ஜன்னலுக்கு உள்ளே அந்தப் பையனும், வெளியே அவனை எப்படிக் கரை சேர்ப்பது என்று தெரியாமல் அம்மா கோமளத்தம்மாளும் இருந்திருப்பார்கள். 32 வயதில் போய்விட்டார். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள், அவருடைய கணக்கு எனக்குப் புரியாது. ஆனால் அந்தக் கட்டிலைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. வெளியே வந்தால் தெருக்கோடியில் கோபுரம் முழுசாக நிற்கிறது. அவர் தினமும் பார்த்த கோபுரம்.

அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் மிச்சம். பாத்திரக் கடைத்தெருவில் நிழல் ஓரமாக நடந்தேன். பித்தளை இங்கே எடைக் கணக்கு. குத்துவிளக்கு வாங்குவதாக இருந்தால் நாச்சியார்கோவில் விளக்கா என்று கேட்டு, எடை போட்டுப் பார்த்து, காசு கொடுத்து, "சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்" என்று கடையிலேயே விட்டுவிடுங்கள். இரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு கோயில் சுற்ற முடியாது. நான் விளக்கு வாங்கவில்லை. அம்மாவுக்குக் கொழுந்து வெற்றிலை ஒரு கவுளி, ஒரு பொட்டலம் சீவல். கடைக்காரர் ஈரத் துணியில் சுற்றி, மேலே வாழைச் சருகு வைத்துக் கட்டினார். "பாலித்தீன்ல போடாதீங்கக்கா, வேர்த்துப் போயிரும்." இப்போது இந்த வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

மாலை நாலரைக்கு ராமசாமி கோயில் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனேன். ரகுநாத நாயக்கர் காலத்துக் கோயில். முன்மண்டபத் தூண்களில் சிற்பம் இல்லாத இடமே இல்லை. உள்ளே ராமரும் சீதையும் ஒன்றாக உட்கார்ந்த பட்டாபிஷேகக் கோலம். அனுமார் கையில் வீணை. உள் பிராகாரச் சுவர் முழுவதும் ராமாயணம் ஓவியமாக, வரிசைக்கு மேல் வரிசையாக ஓடுகிறது. மூன்று சுற்று வந்தால் கதை முழுசாகும். நான் மூன்று சுற்றும் வந்தேன். காலையில் உள்ளங்கை அகலக் கல்லில் பார்த்த அதே வில்லை, அதே ஊரில், 700 வருஷம் தள்ளி, சுவர் நிறைய வண்ணத்தில் பார்க்கிறேன். ஒரே நாளில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததால்தான் இது மனதில் தைத்தது. மத்தியானமே நடை திறந்திருந்தால் கால் சூட்டோடு ஒரு சுற்றில் முடித்துக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

கும்பேசுவரன் கோயிலுக்குப் போகும்போது விளக்கு ஏற்றிவிட்டார்கள். கடைகள் அடைத்த நீண்ட முன்வழி, மஞ்சள் குங்குமம், வளையல், பித்தளைச் சொப்பு. குடம் உடைந்து அமுதம் கலந்த மண்ணில் ஆன லிங்கம் என்பதால் அபிஷேகம் கிடையாது, புனுகுதான் சாத்துகிறார்கள். கல்லில் செய்த நாகசுரம் இந்தக் கோயிலில் இருக்கிறது. இங்கே நான் சிற்பம் எதையும் தேடவில்லை. ஓதுவார் பாடிக்கொண்டிருந்தார், தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். சக்கரபாணி கோயிலும் காவிரிப் படித்துறையும் பாக்கி. விட்டுவிட்டேன். நாலு கோயிலை நன்றாகப் பார்த்தாயிற்று, ஐந்தாவதைக் கணக்குக்காகப் பார்க்க மனசில்லை.

பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தேன். அன்றைக்கு நடந்தது 11 கிலோமீட்டர் என்று செல்போன் காட்டியது. கடைசித் தூரத்துக்கு ஆட்டோ வைத்துக்கொள்வதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. இருட்டிய பிறகு தனியாக இருந்தால் அதுதான் புத்தி. தஞ்சாவூர்ப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. ஏறியதும் வீட்டுக்கு வண்டி எண்ணை அனுப்பினேன். காலையிலிருந்து ஒவ்வொரு கோயிலை விட்டுக் கிளம்பும்போதும் ஒரு செய்தி போட்டுக்கொண்டே வந்ததால் அம்மா ஒரு தடவைகூடப் பதறிப் போன் பண்ணவில்லை. மொத்தச் செலவு, வெற்றிலை சேர்த்து, 500 ரூபாயைத் தாண்டவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஒன்பதே கால். அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். வெற்றிலையைப் பிரித்து, ஒன்றை எடுத்து நரம்பு கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "சாரங்கபாணியில எந்த வாசல் தொறந்திருந்துச்சு?" என்று கேட்டாள்.

"உத்தராயணம்."

"நான் எப்ப போனாலும் அந்த வாசல்தான். கல்யாணம் எல்லாம் தையிலயும் வைகாசியிலயும்தானே. இன்னொரு வாசல நான் பாத்ததே இல்லடி" என்றாள். சீவலை வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "ஆடி பொறந்ததும் என்னயும் கூட்டிட்டுப் போறியா? கொஞ்ச தூரம் நடப்பேன்" என்றாள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. தேதித்தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் வழியைப் போட்டுப் பார்த்தேன். ஸ்டேஷனிலிருந்து நாகேசுவரன் வரை ஆட்டோ. அங்கே ஒரு மணி நேரம், பாட்டியிடம் பூ. அங்கிருந்து சாரங்கபாணிக்கு நடை, நடுவில் இரண்டு இடத்தில் திண்ணை இருக்கிறது. பத்தரைக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.